மார்கழி விடியலில் சைக்கிள் மிதிக்க எந்த ஜெர்க்கின் சரி?

மார்கழி பிறந்ததும் ஓசூர், கிருஷ்ணகிரி துணிக்கடை வாசல்களில் ஜெர்க்கின்கள் தொங்க ஆரம்பித்துவிடும். உள்ளே பஞ்சு, வெளியே பளபளக்கும் நைலான், கழுத்தைச் சுற்றி ரோமப் பட்டை. பைக்கில் போகிறவருக்கும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்கும் அது பொருந்தும். சைக்கிள் மிதிக்கிறவர் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் முதுகில் வியர்வை வழியும். ஜிப்பைத் திறந்தால் ஈரப் பனியனில் காற்று அடித்து உடம்பு வெடவெடக்கும், மூடினால் புழுங்கும். குளிருக்காக வாங்கிய ஜெர்க்கினுக்குள் ஏன் குளிர்கிறது என்று புரிந்துகொண்டால், கடையில் எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பது பாதி தெளிந்துவிடும்.

உடம்பின் கணக்கு

மிதிக்கும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாக மாறுகிறது. சமதரையில் நிதானமாகப் போகிறவர் பெடலில் 75 வாட் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், கூடவே 225 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பு வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட்தான். மேட்டில் அழுத்தி மிதித்தால் 400 வாட்டையும் தாண்டும். கடைக் கண்ணாடி முன் நிற்கும் உடம்பும் மேடு ஏறும் உடம்பும் ஒரே ஆளுடையதாக இருந்தாலும், துணி விஷயத்தில் இரண்டுக்கும் தேவை வேறு. ஜெர்க்கின் வாங்கும்போது நாம் கேட்பதோ கண்ணாடி முன் நிற்கும் உடம்பின் பேச்சை.

இந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பு நம்பியிருப்பது வியர்வையை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் அந்த ஆவி துணியைத் தாண்டி வெளியே போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் ஜெர்க்கினின் குளிர்ந்த உள்பக்கத்தில் பட்டு மறுபடி நீராகிப் பனியனை நனைக்கும். நீர் வெப்பத்தைக் கடத்தும் வேகம் காற்றைவிட சுமார் 25 மடங்கு. மிதித்துக்கொண்டிருக்கும்வரை உடம்பு சூடு உண்டாக்கிச் சமாளித்துவிடும். டீக்கடையில் நிற்கும்போதோ இறக்கத்தில் மிதிக்காமல் உருளும்போதோதான் நடுக்கம் பிடிக்கும்.

அடுத்தது காற்று. அசையாத காற்றில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நெஞ்சில் 20 கிலோமீட்டர் காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். தோலை ஒட்டி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தை அது விடாமல் வழித்துக்கொண்டு போகும். வானிலைத் துறைகள் பயன்படுத்தும் சூத்திரப்படி, 10 டிகிரிக் குளிரில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் முகத்துக்கு ஏறக்குறைய 7 டிகிரியில் நிற்பது போல இருக்கும்.

ஆக சைக்கிள் ஜெர்க்கினுக்கு வேலை இரண்டு: முன்பக்கம் காற்றை நிறுத்துவது, முதுகும் அக்குளும் வியர்வை ஆவியை விடுவது. சூடு கொடுக்கும் வேலையைக் கால்கள் பார்த்துக்கொள்ளும். சூட்டுக்காகத் துணியைத் தடிமனாக்குவதுதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம்.

நம்மூர்க் குளிர் எவ்வளவு?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. தளிப் பக்கம் இன்னும் கொஞ்சம் உயரம். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500 மீட்டரை ஒட்டியவை. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், ஓசூருக்கும் தருமபுரிக்கும் இரண்டு, இரண்டரை டிகிரி வித்தியாசம் உயரத்தினாலேயே வந்துவிடும். டிசம்பர், ஜனவரி விடியலில் தளி, ஓசூர் பக்கம் 12 முதல் 15 டிகிரி, தருமபுரி பக்கம் 16 முதல் 18 என்று வைத்துத் திட்டமிடலாம். ஏரிக்கரை, அணைப் பக்கம், பள்ளமான இடங்களில் இதைவிடக் குறையும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம் என்பதால் இரவில் அது பள்ளத்தில் இறங்கித் தேங்கும். கெலவரப்பள்ளி அணைப் பக்கமோ கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ விடியலில் போகிறவருக்கு, மேட்டிலிருந்து இறங்கியதும் சட்டென்று முகத்தில் அறையும் குளிர் பழக்கமானதுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம், காலை ஒன்பதரை பத்து மணிக்கெல்லாம் இந்தக் குளிர் காணாமல் போய்விடும். அப்போது 24, 25 டிகிரி இருக்கும். மதியம் 28ஐத் தொடும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் எந்தப் பனியும் மதியம்வரை நிற்பதில்லை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் ஒரு பொருளை வாங்குகிறோம் என்பதை மறக்காமல் இருந்தால், கழற்றினால் எங்கே வைப்பது என்ற கேள்வி கடையிலேயே வந்துவிடும். கையளவு மடிந்து சட்டைப் பையிலோ சீட்டுக்கு அடியிலுள்ள சின்னப் பையிலோ போகும் ஜெர்க்கின் தினமும் கூட வரும். தலையணை மாதிரி உப்பி நிற்பது இரண்டாவது வாரமே வீட்டு ஆணிக்குப் போய்விடும்.

எக்ஸ்போர்ட் சரக்கு என்று வரும் ஐரோப்பிய சைக்கிள் ஜாக்கெட்டுகளில் சில அருமையான தையல். அவற்றின் லேபிளில் 0 முதல் 8 டிகிரி என்பது போல ஒரு வரம்பு போட்டிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பனி உறையும் ஊருக்குத் தைத்தது. நமக்கு 10 முதல் 18 டிகிரிக்கானது வேண்டும்.

எந்த வகை?

நம்மூருக்கு முதல் தேர்வு மெல்லிய விண்ட்சீட்டர். ஒற்றை அடுக்கு பாலியஸ்டர் அல்லது நைலான், நெருக்கமான நெசவு, உள்ளே லைனிங் கிடையாது. எடை 100 முதல் 150 கிராம். மடித்தால் கைப்பிடிக்குள் வரும். முன்பக்கமும் கையின் முன்பாதியும் காற்றுத் தடுக்கும் துணி, முதுகில் வலைத் துணி என்று தைத்தது கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

கையில்லாத விண்ட்சீட்டரை இங்கே பலரும் கண்டுகொள்வதில்லை. தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்து 17 டிகிரிக்கு முழுக்கை டி-சர்ட்டின் மேல் இதுவே போதும். நெஞ்சுக்குக் காற்று படாது, அக்குள் திறந்தே இருக்கும், வியர்வை தேங்காது.

சாஃப்ட்ஷெல் என்பது வெளியே காற்றுத் தடுப்பும் உள்ளே மெல்லிய ஃபிளீஸ் பஞ்சும் சேர்ந்த, கொஞ்சம் இழுபடும் துணி. எடை 300 முதல் 500 கிராம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐந்தரை மணிக்கே கிளம்பி மெதுவாக மிதிக்கிறவருக்கு, குறிப்பாகக் கேரியரில் பால் கேனோ பூக்கூடையோ கட்டிக்கொண்டு நின்று நின்று போகிறவருக்கு, இது பொருந்தும். நின்றால் உடம்பு ஆறிவிடும். அவருக்குக் கொஞ்சம் சூடும் தேவை. வேகமாகப் போகிறவருக்கு இது அதிகம். எடுத்தாலும் ஃபிளீஸ் 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அளவைத் தாண்டக் கூடாது. 200, 300 ஜி.எஸ்.எம். எல்லாம் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள.

மழைக்கோட்டைக் குளிருக்குப் போடுவது வேண்டாம். பி.வி.சி. கோட்டு ஆவியைத் துளியும் விடாது. அரை மணி நேரத்தில் உள்ளே மழை பெய்துவிடும். பைக் ஓட்டுகிறவர்களின் ரெக்ஸின், தோல் ஜாக்கெட்டும் அதே கதைதான், எடை வேறு.

நீர் புகாத, ஆனால் ஆவியை விடும் சவ்வு வைத்த விலை உயர்ந்த ஜாக்கெட்டுகளும் இருக்கின்றன. 1969ல் பாப் கோர் என்பவர் டெஃப்ளான் வகைப் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது நுண்துளைகள் நிறைந்த சவ்வு கிடைத்தது. கோர்-டெக்ஸ் அப்படிப் பிறந்ததுதான். நீர்த்துளி நுழைய முடியாத துளையில் நீராவி நுழைந்து போகும். இவ்வகை ஜாக்கெட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவு, மில்லிமீட்டரில். மற்றது ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் வெளியே விடும் ஆவி, கிராமில். இரண்டிலும் 10,000 என்று போட்டிருந்தால் நல்ல துணி. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் வியர்க்கிறவர் 24 மணி நேரக் கணக்கில் 12,000 கிராம் வியர்க்கிறார். மேடு ஏறும்போது துணியை மட்டும் நம்பினால் கணக்கு இடிக்கும், ஜிப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓயும்வரை மழையிலும் நிற்காமல் மிதிக்கிறவருக்கு மட்டும் இந்தச் செலவு நியாயம். ஜனவரிப் பனிமூட்டத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

கடையிலும் வீட்டிலும் சோதித்துப் பார்க்க

துணியை உதட்டோடு ஒட்டி வைத்து ஊதுங்கள். காற்று தாராளமாக மறுபக்கம் வந்தால் அது விண்ட்சீட்டர் என்ற பெயரில் விற்கும் சாதாரண ஸ்போர்ட்ஸ் மேல்சட்டை. துளிகூட வராவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, வியர்வையும் அவ்வளவு எளிதில் போகாது. கஷ்டப்பட்டு ஊதினால் மெல்லிதாகக் கசிகிற துணிதான் நமக்கு வேண்டியது. முன்பக்கத்தை ஒருமுறை, முதுகை ஒருமுறை தனித்தனியாக ஊதிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அக்குளில் ஜிப்போ வலைத் துணியோ இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் விடுங்கள்.

பனித்துளிக்கு, துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாக உருள வேண்டும். உடனே ஊறினால் மேல்பூச்சு இல்லை. மூடுபனியில் அரை மணி நேரம் போனால் கை முழுக்க ஈரமாகிவிடும்.

ஆவி போகிறதா என்பதை வீட்டில் தெளிவாகப் பார்க்கலாம், வாங்கிய ஜெர்க்கினைத் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு சுடுநீர் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், டீ குடிக்கும் சூடு போதும், இல்லாவிட்டால் பூச்சு கெடும். ஜெர்க்கினின் உள்பக்கம் நீரைப் பார்க்கும்படி துணியை டம்ளர் வாயில் இறுக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். அதற்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டுச் சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணாடி மங்கினால் துணி ஆவியை விடுகிறது. கண்ணாடி பளிச்சென்று இருந்து, துணியின் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், அந்த நனைதல்தான் நாளை உங்கள் முதுகில் நடக்கப்போவது. பழைய மழைக்கோட்டு ஒன்றையும் அதே டம்ளரில் கட்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அளவு

நின்றுகொண்டு அளவு பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கடையில் ஒரு மேசை விளிம்பையோ நாற்காலி முதுகையோ ஹேண்டில் மாதிரி பிடித்துக் குனிந்து பாருங்கள். இன்னும் நல்லது, சைக்கிளிலேயே கடைக்குப் போய் வாசலில் உட்கார்ந்து பார்ப்பது. கையை நீட்டியபோது மணிக்கட்டு எலும்பை 2, 3 சென்டிமீட்டர் தாண்டித் துணி இருக்க வேண்டும். முதுகில் இடுப்பு வெளியே தெரியக் கூடாது. அதற்காகத்தான் சைக்கிள் ஜெர்க்கினில் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளமாக வெட்டுகிறார்கள். அந்தத் தொங்கல் இடுப்பை மூடும், ஈரச் சாலையில் பின்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றையும் வாங்கிக்கொள்ளும். அதற்காக மிக நீளமாக இருந்தாலும் வம்பு. ஏறும்போது சீட்டின் மூக்கில் மாட்டி இழுக்கும்.

எந்த சைக்கிள் என்பதும் இங்கே முக்கியம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளிலும் பழைய கட்டை சைக்கிளிலும் நிமிர்ந்து உட்காருவோம். ரேஸ் அளவில் வெட்டிய ஜெர்க்கின் முன்பக்கம் குட்டையாக இருப்பதால், நிமிர்ந்து உட்காருகிறவருக்கு வயிற்றில் காற்று நுழையும். அவருக்குச் சாதாரண முன்நீளம் வேண்டும். வளைந்த ஹேண்டில் உள்ள கியர் சைக்கிளில் குனிந்து போகிறவருக்கு அதே நீளம் வயிற்றில் மடிந்து துருத்திக்கொண்டு நிற்கும்.

மார்புச் சுற்றை உள்ளே போடும் டி-சர்ட்டோடு டேப் வைத்து அளந்து, அதைவிட 6 முதல் 10 சென்டிமீட்டர் கூடுதலான ஜெர்க்கினை எடுங்கள். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடியும் கொல்லன் துருத்தி மாதிரி உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்றை வெளியே தள்ளிக் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். பிள்ளைகளுக்கு "அடுத்த வருஷமும் ஆகும்" என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் இந்த வருஷக் குளிர் நிற்காது. கை நீளத்தை வேண்டுமானால் ஓர் அளவு பெரிதாக வாங்கி மணிக்கட்டில் எலாஸ்டிக் போட்டுக்கொள்ளலாம்.

சின்னச் சின்ன உறுப்புகள்

முன் ஜிப் முழுநீளம் இருக்க வேண்டும். தலை வழியாக மாட்டும் அரை ஜிப் ஜெர்க்கினை ஓடும்போது கழற்ற முடியாது, மேட்டில் முழுதாகத் திறக்கவும் முடியாது. ஜிப்பின் பிடி கையுறை போட்ட கையாலும் பிடிக்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சின்ன நாடாத் துண்டை முடிந்துகொள்ளலாம். ஜிப்புக்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குத் துணிப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். காற்று நுழையும் முதல் இடம் ஜிப் பற்களின் இடுக்குதான், நெஞ்சின் நடுக்கோட்டில் மட்டும் சில்லென்று இருப்பது அதனால்தான்.

கழுத்துப் பட்டை மூடியபோது ஒரு விரல் நுழையும் இறுக்கம் சரி. மப்ளரைத் தொங்கவிட்டுச் சைக்கிள் ஓட்ட வேண்டாம், சக்கரத்திலோ செயினிலோ சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து. குழாய் மாதிரித் தைத்த மெல்லிய கழுத்துத் துணி போதும். இடுப்பில் இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் முனையை உள்ளே செருகுங்கள். தொப்பி வைத்தது வேண்டாம். காற்றில் உப்பிப் பின்னுக்கு இழுக்கும், திரும்பிப் பார்த்தால் கண்ணை மறைக்கும். ஹெல்மெட்டுக்கு அடியில் கம்பளிக் குல்லா போட்டால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, காதை மூடும் மெல்லிய பட்டை போடலாம்.

முதுகில் எலாஸ்டிக் வாய் வைத்த பை ஒன்றாவது வேண்டும். முன்பக்கப் பையில் போன் வைத்தால் மிதிக்கும்போது தொடையில் இடிக்கும். முதுகுப் பையில் வைக்கும் போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போடுங்கள், வியர்வை ஆவி அங்கேயும் போகும். தோளில் மாட்டும் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகில் வலைத் துணி வைத்த ஜெர்க்கினுக்கு மேல் புத்தகப் பையை மாட்டினால் அந்த வலை முழுக்க அடைபட்டுவிடும். பையைக் கேரியரில் கட்டினால் பாதி வியர்வை குறையும்.

நிறத்தில் இரண்டு விஷயம் குழம்புகிறது. பளீர் மஞ்சள், ஆரஞ்சு போன்ற ஃப்ளோரசன்ட் நிறங்கள் பகல் வெளிச்சத்திலுள்ள புறஊதாக் கதிரை வாங்கித்தான் ஒளிர்கின்றன. விடிந்த பிறகும் மூடுபனியிலும் அவை நன்றாகத் தெரியும். இருட்டில் லாரியின் ஹெட்லைட் முன் அந்த மஞ்சளுக்குப் பெரிய வேலை இல்லை, அங்கே வேண்டியது ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் பட்டை. அதுவும் அசையும் இடங்களில், அதாவது முழங்கைக்குக் கீழேயும் கணுக்காலிலும் இருந்தால், ஓட்டுநருக்கு அது மனிதர் என்று உடனே பிடிபடும். சிப்காட் முதல் ஷிப்டுக்கு இருட்டில் கிளம்பி 44ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிறவர், கறுப்பு ஜெர்க்கின் அழுக்குத் தெரியாது என்று வாங்கியிருந்தால், 5 சென்டிமீட்டர் அகல வெள்ளிப் பட்டையை முதுகிலும் கைகளிலும் தைத்துக்கொள்ள வேண்டும். பனிமூட்டத்தில் எந்த ஜெர்க்கினும் பின்பக்கச் சிவப்பு விளக்குக்கு ஈடாகாது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காட்டுச் சாலைகளுக்கு இன்னொரு விதி உண்டு. ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் நடமாடும் பகுதி அது, காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நல்ல ஜெர்க்கின் இருந்தாலும் நன்றாக விடிந்த பிறகே அங்கே சைக்கிளை எடுக்க வேண்டும்.

உள்ளே என்ன போடுவது

மேலே எவ்வளவு நல்ல விண்ட்சீட்டர் இருந்தாலும் உள்ளே பருத்தி பனியன் இருந்தால் பலனில்லை. பருத்தி நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், உலர நேரம் எடுக்கும். பாலியஸ்டர் இழை தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவான ஈரத்தையே பிடிக்கும், வியர்வையை வெளிப்பக்கம் கடத்திவிடும். திருப்பூர் ஸ்போர்ட்ஸ் டி-சர்ட் போதும், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். 12, 13 டிகிரிக்கு முழுக்கை டி-சர்ட், மேலே விண்ட்சீட்டர். 15, 16க்கு அரைக்கை டி-சர்ட், மேலே அதே விண்ட்சீட்டர். 17க்கு மேல் கையில்லாதது. 20 ஆனதும் எல்லாவற்றையும் கழற்றலாம். வீட்டில் பழைய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் அதை ஒதுக்க வேண்டாம். தனியாகப் போட்டால் அதன் கண்களில் காற்று புகும், விண்ட்சீட்டருக்கு உள்ளே போட்டால் மெதுவாக மிதிக்கிறவருக்கு அற்புதமான சூடு.

வேலைக்குப் போகிறவர் யூனிஃபார்ம் சட்டையை மடித்துப் பையில் வைத்து, போன பிறகு மாற்றிக்கொள்வது நல்லது. வீட்டிலிருந்தே அதன் மேல் ஜெர்க்கின் போட்டால் சட்டை பாடு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே சுகமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம் என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் உடம்பு சூடு பிடித்துவிடும். விரல் மட்டும் சூடு பிடிக்காது. பிரேக் பிடிக்கும் விரல் மரத்துப்போனால் ஆபத்து என்பதால், 15 டிகிரிக்குக் கீழே மெல்லிய முழுவிரல் கையுறைக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

மலைச் சாலையில் வரிசை முக்கியம். வத்தல்மலை ஏறும்போது ஜிப்பை முழுதாகத் திறந்துவிட வேண்டும், அல்லது ஜெர்க்கினைக் கழற்றி முதுகுப் பையில் செருகிவிட வேண்டும். உச்சியில் நின்றதும், வியர்வை ஆறுவதற்கு முன்பே போட்டு மூட வேண்டும். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் உள்ளே இருப்பது குளிர்ந்த ஈரம்தான், இறக்கத்தில் அதைச் சூடாக்க உடம்பில் வேலை நடக்காது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போதும் தொப்பூர் இறக்கத்திலும் இதே முறைதான். ஜெர்க்கின் கொண்டுவராத நாளில் ஒரு தினத்தாளை நான்காக மடித்து டி-சர்ட்டுக்குள் நெஞ்சில் செருகிக்கொள்ளலாம். ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் வீரர்கள் வெகுகாலம் செய்துவந்த வேலை இது. அரை மணி நேரக் காற்றை அது நிறுத்தும்.

துவைப்பதும் பழுது பார்ப்பதும்

நல்ல ஜெர்க்கின் கெடுவது பெரும்பாலும் துவைக்கும் கல்லில்தான். மணத்துக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் கம்ஃபோர்ட் வகை திரவம் இழைகளின் மேல் படலமாகப் படிந்து, வியர்வை போகும் வழியையும் நீர் உருளும் பூச்சையும் கெடுக்கும். ப்ளீச்சும் ஆகாது. நம் மாவட்டங்களில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சோப்புக் கட்டி அதோடு சேர்ந்தால் வெள்ளைப் பிசுக்காகத் துணியில் தங்கும். திரவ டிடர்ஜெண்ட்டைச் சின்ன மூடியளவு போட்டு, ஜிப்பை மூடி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, கையால் அலசி, கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் கிடைத்தால் அதில் முக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிடுங்கள். தண்ணீர் முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தால், லேபிளில் அனுமதி இருந்தால் மட்டும், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி தேய்த்தால் பூச்சு ஓரளவு மீண்டும் வேலை செய்யும்.

ஈரத்தோடு மடித்துப் பையிலேயே விட்டுவிடும் ஜெர்க்கினில் உள்பூச்சு செதில் செதிலாக உரியும். அப்படி உரிந்தால் சரிசெய்ய வழியில்லை. தினமும் வீட்டுக்கு வந்ததும் உதறிக் கொடியில் போட வேண்டும்.

ஜிப் பல் பிடிக்காமல் பின்னால் திறந்துகொண்டால் ஜிப்பே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தேய்வது மேலும் கீழும் ஓடும் உலோகத் தலைதான். அதன் இரு பக்கமும் குறடால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் திரும்பப் பிடிக்கும். ஒரேயடியாக அழுத்தினால் உடைந்துவிடும். இறுக்கமாக ஓடும் ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும், எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடிக்கும். இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்தால் எந்த டெய்லரும் புதிதாக மாற்றிக் கொடுப்பார். பூச்சு உள்ள துணியை அவரிடம் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள்: மெல்லிய ஊசி போட வேண்டும், ஒருமுறை தைத்துப் பிரித்து மறுபடி தைக்கக் கூடாது. பருத்தியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும், பூச்சுத் துணியில் துளை துளையாகவே நிற்கும், பிரித்த இடத்தில் தண்ணீர் இறங்கும்.